அறக்கட்டளைக் கூட்டத்துக்கு ஜூமா, ஜிட்சியா, கூகுள் மீட்டா? சோதித்துப் பார்த்ததில் தெரிந்தவை

ஜவ்வாது மலையிலும் அடிவாரத்திலும் மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்தும் ஒரு சிறிய அறக்கட்டளையில் நான் தன்னார்வலன். கணினி, பிரிண்டர், இணையம் என்று எது வந்தாலும் என் பக்கம் தள்ளிவிடுவார்கள். இந்த முறை வந்த வேலை இது: "எல்லாரும் ஒண்ணா பேசுற மாதிரி ஒரு ஏற்பாடு பண்ணுங்க. மாசா மாசம் காசு கேட்கக் கூடாது." சொன்னவர் எங்கள் பொருளாளர். கறாரான மனிதர்.

எங்களுக்கு மூன்று விதமான கூட்டங்கள். வாராந்திரத் தன்னார்வலர் கூட்டத்துக்கு முப்பது பேர் வரை வருவார்கள். ஒன்றேகால் மணி நேரம் ஓடும். மாதம் ஒருமுறை கணக்கு, தமிழ் கற்பிக்கும் பயிற்சி. இரண்டு மணி நேரம், கரும்பலகை போல எதிலாவது எழுதிக்காட்ட வேண்டும். அறங்காவலர் கூட்டத்துக்கு ஏழு பேர்தான்.

மென்பொருளைத் தேடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்தேன். யாரிடம் என்ன போன் இருக்கிறது, என்ன டேட்டா பேக் போட்டிருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டுப் பட்டியல் எடுத்தேன். மடிக்கணினி வைத்திருப்பவர்கள் சொற்பம். மற்ற எல்லாம் ஆண்ட்ராய்டு போன். அதிலும் பல 2 ஜிபி, 3 ஜிபி ரேம் உள்ளவை. புதிய ஆப் எதையும் ஏற்ற முடியாத அளவுக்கு நினைவகம் நிரம்பி வழிகிறது. பேக் பெரும்பாலும் நாளுக்கு 1.5 ஜிபி. அதில் பாதியை மாலைக்குள் வீட்டுப் பிள்ளைகள் தீர்த்துவிடுகிறார்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஓரளவு தெளிவான ஒரு முகத்தின் வீடியோவுக்கு நொடிக்கு 500 கிலோபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 225 எம்பி. திரையில் நான்கு முகம் தெரிந்தால் 900 எம்பி. நம் முகத்தையும் அனுப்பினால் இன்னொரு 225. ஒன்றேகால் மணி நேரக் கூட்டம் முடியும்போது சுமார் 1.4 ஜிபி போயிருக்கும். அதாவது அன்றைய பேக் முழுவதும். ஒதுக்கீடு தீர்ந்தபின் பல பேக்குகளில் வேகம் நொடிக்கு 64 கிலோபிட்டுக்கு இறங்கிவிடும். அதில் குரல் மட்டும் தட்டுத்தடுமாறிப் போகும், படம் போகாது. குரலுக்கு மட்டும் நொடிக்கு 40 கிலோபிட் போதும். மணிக்கு 18 எம்பிதான்.

ஆக, நாங்கள் எந்த மென்பொருளை இலவசமாக வாங்கினாலும் அதன் செலவு மலைமேல் ஜமுனாமரத்தூரில் இருக்கும் ஒருவரின் ரீசார்ஜில் போய் விழும். இந்தக் கணக்கைக் காட்டியபிறகு, "வீடியோவை நிறுத்திவைக்க எது சுலபமோ அதைப் பாருங்க" என்று செயலாளர் அக்கா சொல்லிவிட்டார். தேடலின் முதல் நிபந்தனை அதுதான் ஆனது.

ஜூமை எல்லோரும் ஏற்கெனவே அறிந்திருந்தார்கள். இலவசக் கணக்கில் 100 பேர் வரலாம், ஆனால் 40 நிமிடம்தான். மீண்டும் அதே சுட்டியில் நுழையலாம்தான், ஆனால் ஒவ்வொரு முறை நுழையும்போதும் நான்கைந்து பேர் திரும்பி வருவதில்லை. இலவச கூகுள் மீட்டில் மூன்று பேருக்கு மேல் போனால் 60 நிமிடம். மைக்ரோசாஃப்ட் டீம்ஸின் இலவசப் பதிப்பிலும் 60 நிமிடம், 100 பேர். எங்கள் ஒன்றேகால் மணி நேரத்துக்கு எல்லாமே கொஞ்சம் குட்டை. கூட்டத்தை ஐம்பது நிமிடத்தில் முடித்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஆட்களைத் தெரிந்தால் கேட்கமாட்டீர்கள்.

ஜூமின் கட்டணத் திட்டத்தை எடுப்பதைப் பற்றியும் பேசினோம். தொண்டு அமைப்புகளுக்குச் சலுகை விலையும் உண்டு. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. எங்கள் வங்கிக் கணக்கு இரண்டு அறங்காவலர்களின் கூட்டுக் கையெழுத்தில் இயங்குவது. அப்படிப்பட்ட கணக்குக்கு டெபிட் கார்டு கிடைக்கவில்லை. கிரெடிட் கார்டு பற்றிப் பேச்சே இல்லை. யாராவது சொந்தக் கார்டில் கட்டிவிட்டு அறக்கட்டளையிடம் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த பில் அறக்கட்டளைப் பெயரில் இருக்காது, தணிக்கையாளர் கேள்வி கேட்பார். போதாததற்கு, 2021 அக்டோபர் 1 முதல் கார்டில் மாதாமாதம் தானாகப் பணம் பிடிப்பதற்கு ரிசர்வ் வங்கி கூடுதல் ஒப்புதல் முறையைக் கட்டாயமாக்கியது. ஒப்புதல் சரியாகப் பதிவாகாத மாதம் கட்டணம் போகாது, அன்றைக்குக் கூட்டம் இருக்காது. சிறு அமைப்புகள் மென்பொருள் வாங்கும்போது விலைப்பட்டியலைத்தான் முதலில் பார்க்கிறோம். பணத்தை எந்த வழியாகக் கட்டப்போகிறோம் என்பதை அதற்கும் முன்னால் பார்ப்பது நல்லது.

அடுத்து ஜிட்சி. இதுவும் ஜூம் போன்ற வீடியோ கூட்ட மென்பொருள்தான். எனக்குப் பிடித்தமானது, அதனால் இதில் கொஞ்சம் நேரம் அதிகமாகவே போனது. 2003-ல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் எமில் இவோவ் என்ற மாணவர் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் திட்டம், அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம். இப்போது 8x8 நிறுவனத்தின் ஆதரவில் வளர்கிறது. நம் ஊர்ப் பக்கம் காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு தன் ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்புகளை ஜிட்சியில்தான் நடத்திவந்திருக்கிறது. ஜிட்சியின் பொதுத் தளத்தில் (meet.jit.si) நேர வரம்பு இல்லை, காசும் இல்லை. 2023 ஆகஸ்ட் 24 முதல் அறையைத் திறப்பவர் மட்டும் கூகுள், கிட்ஹப் அல்லது ஃபேஸ்புக் கணக்கில் உள்நுழைய வேண்டும். மற்றவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

பொதுத் தளமே போதும் என்று விட்டிருக்கலாம். ஆனால் "நுழையும்போதே எல்லோருக்கும் வீடியோ அணைந்திருக்க வேண்டும்" என்பதை அங்கே எல்லோருக்கும் நிலையாக வைக்க வழி இல்லை. சுட்டியின் வாலில் சில அமைப்புகளை ஒட்டி அனுப்பலாம். நீளமான அந்தச் சுட்டி வாட்ஸ்அப்பில் நான்கு பேர் கை மாறும்போது வால் அறுந்துவிடுகிறது. சரி, சொந்த சர்வரில், அதாவது எப்போதும் இணையத்தில் இருக்கும் ஒரு வாடகைக் கணினியில், போட்டுப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

யுபிஐயில் முன்பணம் வாங்கிக்கொண்டு ஜிஎஸ்டி பில் தரும் ஓர் இந்திய நிறுவனத்தில் 4 ஜிபி ரேம், இரண்டு கோர் உள்ள சர்வர் ஒன்றை எடுத்தேன். மாதம் சுமார் 2,000 ரூபாய். உபுண்டு என்ற இயங்குதளம், அதன்மேல் ஜிட்சியின் தொகுப்பு, நம் டொமைனில் (இணையதளப் பெயரில்) ஒரு துணைப்பெயர், இணைப்பைப் பாதுகாக்க லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் இலவசச் சான்றிதழ். இதுவரை கையேட்டில் இருக்கிறபடியே போகும், சொல்ல ஒன்றுமில்லை.

சோதிக்கும்போது கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நானும் இன்னொரு தன்னார்வலரும் நுழைந்தோம். படம், குரல் எல்லாம் அருமை. மூன்றாவது ஆள் வந்த நொடியில் எல்லோருக்கும் திரை கறுத்தது, குரலும் போனது. "அண்ணா, நான் வந்ததும் எல்லாம் போயிடுச்சு" என்று அந்தப் பெண் போனில் கூப்பிட்டுச் சங்கடப்பட்டார். ஜிட்சியில் இரண்டே பேர் இருக்கும்போது இரண்டு போன்களும் நேரடியாகவே பேசிக்கொள்ளும். மூன்றாவது ஆள் வந்ததும் எல்லாப் போக்குவரத்தும் சர்வரில் இருக்கும் வீடியோ பிரிட்ஜ் வழியாகப் போகத் தொடங்கும். தபால் பிரிக்கும் இடம் போல, ஒவ்வொருவரிடமிருந்தும் வருவதை வாங்கி யார் யாருக்குத் தேவையோ அவர்களுக்குப் பிரித்து அனுப்புவதுதான் அதன் வேலை. அது யுடிபி 10000 என்ற கதவை (போர்ட்) பயன்படுத்துகிறது. யுடிபி, டிசிபி இரண்டும் இணையத்தில் தகவல் போகும் இரண்டு முறைகள். சர்வருக்குள் அந்தக் கதவைத் திறந்தால் மட்டும் போதாது. சர்வர் தரும் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் தனியாக ஒரு ஃபயர்வால் (தடுப்புச் சுவர்) இருக்கும், அங்கேயும் திறக்க வேண்டும். சர்வருக்கு உள் முகவரி ஒன்று, வெளி முகவரி ஒன்று என இரண்டு இருந்தால் அவை இரண்டையும் பிரிட்ஜின் அமைப்புக் கோப்பில் சொல்லவும் வேண்டும். ஜிட்சி போடுகிறவர்கள் எப்போதும் மூன்று பேராகச் சோதியுங்கள். இரண்டு பேருடன் செய்யும் சோதனை எதையுமே சோதிப்பதில்லை.

அப்புறம் அமைப்புகள். எல்லோரும் வீடியோ அணைந்த நிலையில் நுழையும்படி வைத்தேன். பத்தாவது ஆளுக்குப் பிறகு வருபவர்கள் மியூட்டில் வருவார்கள். படத்தின் தெளிவை 360 வரிக்கு இறக்கினேன். ஒருவருக்கு ஒரே நேரத்தில் அதிகபட்சம் நான்கு வீடியோதான் அனுப்பப்படும். முப்பது பேருக்கும் நான்கு வீடியோ போனாலும் சர்வரிலிருந்து நொடிக்கு 60 மெகாபிட். ஒரு கூட்டத்துக்கு 34 ஜிபிக்குள். மாதம் நான்கு கூட்டம் என்றாலும் சர்வரோடு வரும் டேட்டா அளவில் அது ஒரு மூலைக்குக் காணாது.

இன்னொரு நல்ல அமைப்பு. ஆண்ட்ராய்டில் ஜிட்சி சுட்டியைத் தட்டினால் வழக்கமாக ஆப்பை இறக்கச் சொல்லும் பக்கம் வரும். எங்களில் பாதிப் பேர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள். அப்படி ஆப்புக்குத் தள்ளும் ஆழ்சுட்டி (deep linking) வசதியை அணைத்துவிட்டால் நேராக குரோமிலேயே கூட்டம் திறக்கிறது. அறையை யார் வேண்டுமானாலும் திறந்துவிடாதபடி கடவுச்சொல்லும் வைத்தேன். வருபவர்களுக்குக் கடவுச்சொல் தேவையில்லை, திறப்பவருக்கு மட்டும். பள்ளி வைஃபையிலிருந்து வந்த ஒருவருக்குச் சத்தமே வரவில்லை. அங்கே யுடிபி அடைக்கப்பட்டிருந்தது. அப்படிப்பட்டவர்களுக்காக டிசிபி வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து சேர்க்கும் டர்ன் சர்வர் ஒன்றும் வேண்டும். ஜிட்சியை நிறுவும்போதே அதையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம்.

நன்றாகத்தான் ஓடியது. பதிவு செய்வதை மட்டும் விட்டுவிட்டேன். ஜிட்சியில் பதிவுக்கு ஜிப்ரி என்று தனி ஏற்பாடு. அது பின்னணியில் ஒரு குரோமைத் திறந்து கூட்டத்தில் உட்கார்ந்து பதிவு செய்யும். ஒரு ஜிப்ரி ஒரு நேரத்தில் ஒரு கூட்டத்தைத்தான் பதியும், அதற்கு இன்னொரு சர்வர் வேண்டும்.

பயிற்சி வகுப்புக்காக பிக்புளூபட்டன் என்ற கட்டற்ற மென்பொருளையும் பார்த்தேன். 2007-ல் கனடாவின் ஒட்டாவாவில் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் வகுப்பு நடத்துவதற்கென்றே உருவானது. எழுது பலகை, கருத்துக் கணிப்பு, சிறு குழுக்களாகப் பிரிப்பது, பதிவு எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. கற்பிக்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் பார்க்கவில்லை. ஆனால் சர்வர் 16 ஜிபி ரேம், 8 கோர் கேட்கிறது. மாதம் முழுக்க வாடகை கொடுத்தால் கட்டுப்படியாகாது. பயிற்சி நாளன்று மட்டும் எடுத்தால் மணிக்குப் பத்துப் பதினைந்து ரூபாயில் முடியும். சர்வரை அணைத்து வைத்தாலும் பல நிறுவனங்களில் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் நகல் எடுத்துவைத்து, சர்வரை அழித்து, அடுத்த மாதம் நகலிலிருந்து எழுப்ப வேண்டும். செய்துபார்த்தேன், முடிகிறது. ஆனால் அதை என்னைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள்.

செயலாளர் அக்கா இந்த இடத்தில்தான் கேட்டார்: "நீங்க ஊருக்குப் போயிருந்தா கூட்டம் நடக்குமா?" ஜிட்சி சர்வருக்கும் இதே கேள்விதான். சான்றிதழ் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், சரி. ஒரு மேம்படுத்தலில் ஏதாவது உடைந்தால் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு யார் உட்கார்ந்து பார்ப்பது? கட்டற்ற மென்பொருளின் மேல் எனக்கு இருக்கும் பிரியத்தை இந்தக் கேள்வி அசைக்கவில்லை. ஆனால் சர்வரைக் கவனிக்கக் குறைந்தது இரண்டு பேர் இல்லாத அமைப்பு அதை நம்பி வாரக் கூட்டத்தை வைக்கக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றால் நான் இன்றைக்கும் ஜிட்சியைத்தான் சொல்வேன்.

இதற்கிடையே இன்னொரு பக்கம் விண்ணப்பம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. பதிவு பெற்ற தொண்டு அமைப்புகளுக்கு கூகுள், மின்னஞ்சல், காலண்டர், மீட் எல்லாம் அடங்கிய தன் வொர்க்ஸ்பேஸைக் கட்டணமில்லாமல் தருகிறது. அதில் மீட் 100 பேர் வரை, ஒரு கூட்டம் 24 மணி நேரம் வரை. அரசு அமைப்புகள், மருத்துவமனைகள், பள்ளி கல்லூரிகளுக்கு இந்தத் திட்டம் கிடையாது. முதலில் தொண்டு அமைப்பு என்று சரிபார்ப்பு முடிய வேண்டும். அப்புறம்தான் வொர்க்ஸ்பேஸைக் கேட்க முடியும்.

சரிபார்ப்பில் பெயர் ஒரு தொல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரத்தில் எங்கள் பெயர் "அறக்கட்டளை" என்று முடிகிறது. பான் அட்டையில் அதுவே "டிரஸ்ட்" என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று நிர்வாக அறங்காவலர் கையெழுத்தோடு ஒரு கடிதம், கூடவே வருமான வரித் துறை வரிவிலக்குக்காகத் தரும் 12ஏ சான்று இரண்டையும் இணைத்தோம். ஒப்புதல் கிடைத்தது, வாரக் கூட்டமும் பயிற்சியும் மீட்டுக்கு மாறின. விண்ணப்பிக்கப் போகிறவர்கள் பத்திரம், பான், 12ஏ மூன்றிலும் பெயரின் எழுத்துக்கூட்டலை முன்கூட்டியே ஒப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பதிவே செய்யாத நண்பர் குழுவாக இருந்தால் இந்த வழி இல்லை. ஜிட்சியின் பொதுத் தளம்தான் அவர்களுக்கு நல்லது.

சொந்த டொமைன் வேண்டும்; அதன் உரிமையாளர் நாம்தான் என்று காட்ட டொமைனின் முகவரிப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் ஒரு டெக்ஸ்ட் பதிவைச் சேர்த்தால் போதும். எங்கள் மின்னஞ்சல் ஏற்கெனவே வேறு இடத்தில் இருந்தது. மின்னஞ்சல் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவைத் தொடவே இல்லை, மீட்டையும் காலண்டரையும் மட்டும் பயன்படுத்துகிறோம். "கூடவே மெயிலையும் மாத்திடுவோமே" என்று ஆசை வரும். கூட்டம் ஓடத் தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நேர வரம்பை முடிவு செய்வது கூட்டத்தை உருவாக்கியவரின் கணக்குதான். வருபவர்கள் சாதாரண ஜிமெயிலில் வரலாம். பல ஆண்ட்ராய்டு போன்களில் மீட் ஆப் முன்பே இருக்கிறது. நினைவகம் நிரம்பிய போன்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது முதல் வாரமே தெரிந்தது. காலண்டரில் வாராந்திர நிகழ்வாகப் போட்டதால் ஒரே சுட்டி. அதை வாட்ஸ்அப் குழுவின் விவரப் பகுதியில் ஒட்டிவிட்டோம். இரண்டு அமைப்புகளை மாற்றினேன். கூட்டத்தை நடத்துபவர் வந்தால்தான் மற்றவர்கள் நுழையலாம் என்பதை அணைத்தேன். நான் இல்லாமலே கூட்டம் தொடங்குகிறது. நுழைவு அனுமதியைத் திறந்த நிலையில் வைத்தேன். இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் கதவைத் தட்டிக்கொண்டு நிற்க, உள்ளே இருப்பவர் பேச்சை நிறுத்திவிட்டு அனுமதித்துக்கொண்டே இருக்க வேண்டும். சுட்டி வெளியே போனால் ஆபத்துதான். 2020-ல் ஜூம் கூட்டங்களில் அந்நியர்கள் புகுந்த கதைகள் நினைவிருக்கும். பெற்றோரோ பிள்ளைகளோ வரும் கூட்டத்துக்கு மட்டும் அனுமதி கேட்கும் முறையை வைத்து, வாசலில் ஒருவரைத் தனியாக உட்கார வைக்கிறோம்.

வீடியோவை எல்லோருக்கும் அணைத்து வைக்கும் வசதியை ஜிட்சியில் வைத்த மாதிரி இங்கே வைக்க முடியவில்லை. அதற்குப் பதில், ஆப்பின் அமைப்புகளில் டேட்டாவைக் கட்டுப்படுத்தும் பொத்தானை ஒவ்வொருவரும் இயக்கும்படி ஸ்கிரீன்ஷாட்கள் எடுத்துக் குழுவில் போட்டோம். பேசுபவர் மட்டும் முகம் காட்டுவது என்பது இப்போது குழுவின் வழக்கமாகிவிட்டது. மலையில் இருப்பவர்களுக்கு அதுவும் கனமாக இருந்தால் குரல் மட்டும்.

பயிற்சிக்கு எழுது பலகை வேண்டுமே. மீட்டோடு இணைந்திருந்த ஜாம்போர்டை கூகுள் 2024 கடைசியில் மூடிவிட்டது. கணக்கு சொல்லித்தரும் ஆசிரியர் ஒருவர் தானே வழி கண்டுபிடித்தார். பழைய போன் ஒன்றை இரண்டு புத்தக அடுக்குகளின் மேல் குறுக்காக வைத்து, பின்பக்கக் கேமரா கீழே இருக்கும் நோட்டைப் பார்க்கும்படி செய்து, அந்தப் போனையும் தனி ஆளாகக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். அதை எல்லோரும் பெரிதாக்கி வைத்துக்கொள்கிறார்கள். கையால் எழுதிய பின்னம், நீள் வகுத்தல் எல்லாம் எந்த டிஜிட்டல் பலகையையும்விட நன்றாகத் தெரிகிறது. அந்தப் போனில் மைக், ஸ்பீக்கர் இரண்டையும் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கீச்சென்று எதிரொலி.

இந்த இலவசத் திட்டத்தில் பதிவு வசதி இல்லை. மடிக்கணினியில் ஓபிஎஸ் என்ற திரைப் பதிவு, நேரலை மென்பொருளை வைத்துப் பதிகிறோம். நொடிக்கு 1000 கிலோபிட் என்று வைத்தால் இரண்டு மணி நேரம் சுமார் 900 எம்பி. ஆரம்பத்தில் "பதிவு ஓடுது" என்று ஒருவர் சொல்லிவிடுவார்.

அறங்காவலர் கூட்டம் ஏழு பேர்தான் என்பதால் வாட்ஸ்அப் குழு அழைப்பிலேயே நடக்கிறது. அதில் 32 பேர் வரை பேசலாம். அதை மாற்றச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்தவில்லை.

இனி வருவது ஆண்டுவிழா. பெற்றோரையும் சேர்த்தால் 100 தாண்டும். பேசுபவர்கள் மட்டும் மீட்டில் இருப்பார்கள், மற்றவர்களுக்கு ஓபிஎஸ் வழியாக யூடியூபில் பட்டியலிடாத (சுட்டி வைத்திருப்பவர்கள் மட்டும் பார்க்கும்) நேரலை என்று தீர்மானித்திருக்கிறோம். ஒரு சேனலில் முதன்முறையாக நேரலையை இயக்கினால் அது வேலை செய்ய 24 மணி நேரம் வரை ஆகலாம். அதனால் அந்தப் பொத்தானை இப்போதே அழுத்தி வைத்தாகிவிட்டது.